அந்த டாஸ்க் மெனேஜர் போட்டோ பற்றி ஊருக்கு ஒரு விளக்கம்



பதிவு கொஞ்சம் நீளம். நேரமில்லாதவர்கள் இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். ஆனால் வாசிக்காமல் பின்னூட்டம் மட்டும் போட வேண்டாம்.

கடந்த வாரம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிய ஒரு போட்டோவைப் பற்றித்தான் எழுதுகிறோம். கொம்பியூட்டர் திரையைப் போனால் எடுத்த படம். ஆங்கிலத்தில் வரிசையாகப் பெயர்கள், மூன்று இடத்தில் சிவப்பு வட்டம், கூடவே ஒரு குரல் பதிவு. நம்மில் பார்க்காதவர்கள் குறைவு. நாங்கள் இந்த ஊர்ப் பாடசாலையில் தகவல் தொழினுட்பப் பாடம் நடத்தும் இரண்டு பேர். அந்தக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து, அதன் நிர்வாகத்தினர் பக்கத்தில் நிற்க, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பார்த்தோம். ஆகவே பார்த்ததைச் சொல்லும் கடமை எங்களுக்கு இருக்கிறது. தம்பியின் பெயரையும் சங்கத்தின் பெயரையும் எழுதவில்லை. தெரிந்தவர்களும் பின்னூட்டத்தில் போட வேண்டாம். தம்பியின் வாப்பாவிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறோம்.

நடந்தது இதுதான். ஊரிலுள்ள ஒரு நலன்புரிச் சங்கத்தின் ஒபிஸ் கொம்பியூட்டர் சில நாட்களாக மிகவும் மெதுவாக இருந்திருக்கிறது. உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை அங்கே பின்னேரங்களில் சந்தாப் பதிவு செய்துகொண்டிருந்தவர் அந்தத் தம்பி. ஒரு நாள் அவர் இல்லாத நேரம் வந்த ஒருவர் டாஸ்க் மெனேஜரைத் திறந்து போட்டோ எடுத்து, "இதப் பாருங்க, ஹெக் பண்ற சொப்ட்வெயார் மூணு ஓடுது, பொடியன் போட்டிருக்கான்" என்று அனுப்பிவிட்டார். வட்டமிட்டவை மூன்று: ஜாவா என்று ஒன்று, டபிள்யூஸ்கிரிப்ட் என்று ஒன்று, பிறகு குரோம் என்ற பெயர் 14 தடவை.

மஹ்ரிபுக்கு முன் ஒரு குழுவில் இருந்தது. இஷா முடியும்போது நான்கு குழுக்களில். சுபஹுக்குப் பிறகு தேநீர்க் கடையில் அது "சந்தாக் காசு வெளிய போயிட்டாம்" என்று மாறியிருந்தது. காசு எங்கும் போகவில்லை, பொருளாளர் காக்கா அன்றைக்கே வங்கிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டார். ஆனால் தம்பி இரண்டு நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் அவருடைய உம்மா பாடசாலைக்கு வந்தார். அவரோடு வந்த தம்பி எங்களிடம் சொன்னது ஒரே ஒரு வசனம்: "நான் சந்தா மட்டும்தான் அடிச்சன் சேர்."

நாங்கள் நிர்வாகத்திடம் அனுமதி கேட்டுப் போனோம். செயலாளரும் பொருளாளரும் கூட இருந்தார்கள்.

இப்போது எல்லோருக்கும் விளங்கும்படி ஒன்றைச் சொல்ல வேண்டும். டாஸ்க் மெனேஜரில் தெரிவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பெயர்கள். சந்தியில் நின்று ஒரு த்ரீவீல் போவதைப் பார்க்கிறீர்கள். அதில் ஏறியவர் யார், ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னாரா, சந்தைக்கு விடச் சொன்னாரா என்பது வண்டியைப் பார்த்தால் தெரியாது. ஜாவா, டபிள்யூஸ்கிரிப்ட், பவர்ஷெல், பைதன் எல்லாம் அப்படி வாடகைக்கு ஓடும் வண்டிகள்தான். அவற்றுக்கென்று சொந்த வேலை கிடையாது. வேறொருவர் எழுதிய நிரலைக் கொடுத்தால் அதை ஓட்டிக்கொடுக்கும். சந்தாக் கணக்கும் ஜாவாவில் ஓடலாம், கள்ளத்தனமும் ஜாவாவில் ஓடலாம். வெளியில் தெரியும் பெயர் இரண்டுக்கும் ஒன்றுதான்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? எந்த நிரலும் தொடங்கும்போது அதற்கு ஒரு கட்டளை வரி கொடுக்கப்படுகிறது. எந்த இடத்திலுள்ள எந்தக் கோப்பை ஓட்ட வேண்டும், கூடவே என்னென்ன விவரங்கள் என்பதெல்லாம் அந்த வரியில் இருக்கும். நாம் மவுசால் இரண்டு தரம் தட்டித் திறந்தாலும் பின்னால் அப்படி ஒரு வரி உண்டு. நிரல் ஓடி முடியும்வரை பணிசெயல் முறைமை அந்த வரியை வைத்திருக்கும், கேட்டால் காட்டும். த்ரீவீலில் ஏறியவர் சொன்ன விலாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதைக் கேட்பது கஷ்டமான வேலை கிடையாது. விண்டோஸில் கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மெனேஜர் வரும். அதில் டீடெய்ல்ஸ் என்ற பகுதிக்குப் போய், மேலே நிரல்களின் தலைப்புகள் இருக்கும் பட்டையில் மவுசின் வலது பொத்தானை அழுத்தினால் செலெக்ட் கொலம்ஸ் என்று வரும். அங்கே கொமாண்ட் லைன் என்பதற்கு நேரே சரி அடையாளம் போட்டால் முடிந்தது. இது ஹெக்கிங் கிடையாது, மைக்ரோசொப்ட் தானே வைத்துத் தந்த வசதி. இன்னும் விவரமாக, எந்த நிரலை எந்த நிரல் தொடக்கியது என்று மரம் போலப் பார்க்க விரும்புபவர்களுக்கு மார்க் ருசினோவிச் எழுதிய புரொசெஸ் எக்ஸ்புளோரர் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு அவருடைய நிறுவனத்தை மைக்ரோசொப்டே வாங்கிவிட்டது. இன்றும் இலவசம். மைக்ரோசொப்டின் தளத்தில் மட்டும் எடுங்கள், கொமினிகேஷன் கடையின் பென்ட்ரைவில் எடுக்காதீர்கள்.

அந்தப் போட்டோவை எடுத்தவர் இன்னும் இரண்டு தரம் மவுசைத் தட்டியிருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது. எங்களுடைய ஆதங்கம் அதுதான்.

சரி, என்ன இருந்தது? முதலில் அந்த 14 குரோம். அவற்றின் வரிகளில் என்ன வகை என்று எழுதியிருந்தது. ஒன்று திரைப்பட வேலைக்கானது, சில துணை வேலைகளுக்கானவை, மற்றவை பக்கங்களைக் காட்டுபவை. 2008இல் வெளிவந்த நாளிலிருந்தே குரோம் இப்படித்தான், ஒரு பக்கம் விழுந்தாலும் மற்றது விழாமல் இருக்க வேலையைப் பல துண்டாகப் பிரித்து ஓட்டும். 14 குரோம் ஓடுவது குற்றம் என்றால் எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் இருப்பவர்கள் எல்லோரும் உள்ளே போக வேண்டும்.

இரண்டாவது, ஜாவா. அதன் கட்டளை வரியில் சந்தா மென்பொருளின் கோப்புப் பெயரும் அது இருக்கும் இடமும் தெளிவாக இருந்தது. சங்கம் காசு கொடுத்துச் செய்வித்த அதே மென்பொருள். தம்பி வேலை செய்ததே அதில்தான். அதாவது "ஹெக் சொப்ட்வெயார்" என்று வட்டம் போட்டது சங்கத்தின் சொந்தச் சந்தாப் புத்தகத்துக்கு.

மூன்றாவதுதான் உண்மையான பிரச்சினை. டபிள்யூஸ்கிரிப்ட் என்பது விண்டோஸோடு வரும் ஒரு நிரல். அது இருப்பதில் தப்பில்லை. ஆனால் அதன் வரியில், பயனர் கோப்புறைக்குள் மறைவாக இருக்கும் ஆப்டேட்டா என்ற இடத்தில், கண்டபடி எழுத்துகளைக் கொட்டிய மாதிரிப் பெயருள்ள ஒரு ஸ்கிரிப்ட் கோப்பு இருந்தது. இதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். பென்ட்ரைவைப் போட்டால் கோப்புறைகள் எல்லாம் ஷோர்ட்கட்டாக மாறித் தெரியுமே, அந்த வைரஸ் வகை. பாடசாலை, கொமினிகேஷன், ஒபிஸ் என்று பென்ட்ரைவ் போகும் இடமெல்லாம் போகும். அதை டாஸ்க் மெனேஜரில் நிறுத்தினால் மட்டும் போதாது, கொம்பியூட்டரை மறுபடி போடும்போது தானாகத் தொடங்கும்படி தன்னைப் பதிந்து வைத்திருக்கும். கட்டளை வரி இல்லாவிட்டால் இந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று தேடியே களைத்துப் போவோம். வரி இருந்ததால் நேரே போய்ப் பிடித்தோம்.

அந்தக் கோப்பின் திகதியைப் பார்த்தோம். தம்பி அந்தக் கதிரையில் உட்காரத் தொடங்குவதற்குப் பல மாதங்களுக்கு முந்தியது.

இதில் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கோப்பின் திகதி மாற்ற முடியாத ஒன்று கிடையாது. அதனால் யார் கொண்டுவந்தார் என்று எங்களால் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டோம். அந்தக் கொம்பியூட்டரில் இருப்பது ஒரே ஒரு பயனர் கணக்கு. எல்லோரும் அதே பெயரில், அதே பாஸ்வேர்டில் நுழைகிறார்கள். பரீட்சைத் தாள் அச்சிட நாங்களும் ஒரு காலத்தில் அங்கே பென்ட்ரைவ் கொண்டு போனவர்கள்தான். எங்களுடைய பென்ட்ரைவில் வந்ததாகவும் இருக்கலாம். அப்படியிருக்க ஒரு பிள்ளையை மட்டும் பிடித்து நிறுத்துவது எந்த நியாயம்?

இனி, இந்தப் பதிவை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறோம்.

எல்லாம் பார்த்து முடிந்ததும் செயலாளருக்கு மனசு இளகிவிட்டது. "சேர், இந்த வரிகள் தெரியிற மாதிரி அப்படியே போட்டோ எடுத்து அதே குரூப்புகள்ல போடுவம். பொடியன்ட பேர் சுத்தமாகட்டும்" என்றார். நல்ல எண்ணம். எங்களுக்கும் அதுதான் சரியாகப் பட்டது. போட்டோவால் கெட்ட பெயர் போட்டோவாலேயே திரும்பட்டும் என்று போனைத் தூக்கிவிட்டோம். அப்போதுதான் ஜாவாவின் வரியை முழுவதுமாக வாசித்தோம்.

கோப்புப் பெயருக்குப் பிறகு தரவுத்தளத்தின் பயனர் பெயர் இருந்தது. அதற்கு அடுத்தது பாஸ்வேர்ட். மறைக்காமல், உள்ளபடி.

போனைக் கீழே வைத்துவிட்டோம். அந்தத் தரவுத்தளத்தில் வெறும் சந்தா மட்டுமா இருக்கிறது? ஒவ்வொரு குடும்பத்தின் விலாசம், அடையாள அட்டை இலக்கம், போன் இலக்கம் இருக்கிறது. அதற்கும் மேலாக, ரமழானில் உலர் உணவு யாருக்குப் போகிறது, எந்த விதவைத் தாய்க்கு மாதாமாதம் உதவி போகிறது, யாருடைய மருத்துவச் செலவுக்கு யார் கொடுத்தார் என்ற பட்டியலும் இருக்கிறது. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று நாம் நினைக்கும் விஷயங்கள். போதாக்குறைக்கு, அதே பாஸ்வேர்டைத்தான் சங்கத்தின் மின்னஞ்சலுக்கும் வைத்திருக்கிறார்கள் என்று செயலாளர் மெதுவாகச் சொன்னார். ஒரு பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, ஊரில் கை நீட்டத் தயங்கும் வீடுகளின் மானத்தை நான்கு வாட்ஸ்அப் குழுக்களில் திறந்து வைக்கப் பார்த்திருக்கிறோம். அதுவும் பாடம் படிப்பிக்கிற நாங்கள்.

கடைசியில் போட்டோவை விட்டுவிட்டு, நாங்கள் கண்டதை எழுத்தில் அடித்து அனுப்பினோம். போட்டோ போன வேகத்தில் அந்த எழுத்து போகவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

இப்போது நம் பிரதேசத்தில் மென்பொருள் செய்துகொடுக்கும் தம்பிமாருக்கு. உங்களில் பலர் எங்கள் மாணவர்கள்தான். கோபிக்க வேண்டாம். பாஸ்வேர்டைக் கட்டளை வரியில் எழுதுவது கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்க விடும் வேலை. விண்டோஸில் வேறொருவருடைய கணக்கில் ஓடுவதன் வரியைப் பார்க்கப் பொதுவாக நிர்வாகி உரிமை வேண்டும் என்பது உண்மை. ஆனால் நம் ஊர் ஒபிஸ்களில் எல்லோரும் ஒரே கணக்கில்தானே நுழைகிறோம்? அந்தக் கணக்கில் ஓடும் எந்த நிரலும் அதை வாசிக்கலாம், அந்த ஷோர்ட்கட் வைரஸ் உட்பட. லினக்ஸில் நிலைமை இன்னும் திறந்தது. வழமையான அமைப்பில், அதே இயந்திரத்தில் கணக்குள்ள யாரும் மற்ற எல்லோருடைய கட்டளை வரிகளையும் பார்க்கலாம். பி, எஸ் என்ற இரண்டெழுத்துக் கட்டளை போதும். புரொக் என்ற கோப்புறைக்குள் ஒவ்வொரு நிரலுக்கும் அந்த வரி ஒரு கோப்பாகவே கிடைக்கும். அதை மறைப்பதற்கு ஹைட்பிட் என்ற அமைப்பு லினக்ஸில் 2012இலிருந்து இருக்கிறது, ஆனால் யாராவது போய்ப் போட்டால்தான் வேலை செய்யும்.

மைஎஸ்கியூஎல் பாவிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும், பாஸ்வேர்டை வரியில் கொடுத்தால் அதுவே எச்சரிக்கை ஒன்றைக் காட்டும். அந்த நிரல் தொடங்கியவுடன் பாஸ்வேர்ட் இருந்த இடத்தை வேறு எழுத்துகளால் அழித்துவிடவும் செய்கிறது. அப்படியிருந்தும் தொடங்குவதற்கும் அழிப்பதற்கும் இடையில் ஒரு சின்ன நேரம் தெரியத்தான் செய்யும் என்பதால் எச்சரிக்கிறார்கள். பாஸ்வேர்டை உரிமை கட்டுப்படுத்திய ஓர் அமைப்புக் கோப்பில் வையுங்கள், அல்லது தொடங்கும்போது கேட்டு வாங்குங்கள். அரை நாள் வேலை. இன்னொன்று, அந்தச் சங்கத்தில் பாஸ்வேர்டைப் பார்க்க டாஸ்க் மெனேஜர்கூடத் தேவைப்படவில்லை. டெஸ்க்டொப்பில் இருந்த மென்பொருள் ஐகனின் புரொபர்ட்டீஸைத் திறந்தாலே டார்கெட் என்ற பெட்டியில் அதே வரி இருந்தது. ஒபிஸைக் கூட்டித் துடைக்க வருபவரும் பார்க்கலாம்.

சங்கங்களின் நிர்வாகத்தினரே, உங்களுக்கும் ஒரு வேலை. நாளைக்கே உங்கள் கணக்கு மென்பொருளின் ஐகனில் வலது பொத்தானை அழுத்தி அந்தப் பெட்டியைப் பாருங்கள். பாஸ்வேர்ட் மாதிரி எதுவும் தெரிந்தால் செய்துகொடுத்தவரைக் கூப்பிடுங்கள். தனிநபர் தரவுகளைப் பாதுகாக்க நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் இருக்கட்டும், அமானிதம் என்ற ஒன்று அதற்கு முன்பே நமக்கு இருக்கிறதே.

கட்டளை வரியைப் பார்த்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். இப்போதே சில இளைஞர்கள் உற்சாகமாகி ஒவ்வொரு வரியாகத் தேடிப் பயந்துகொண்டிருக்கிறார்கள். வரி என்பது ஒரு சாட்சி மட்டும்தான், சில நேரம் பொய்ச் சாட்சி. நிரல் ஓடத் தொடங்கிய பிறகு தன்னுடைய வரியைத் தானே மாற்றிக்காட்ட முடியும். கெட்டிக்கார வைரஸ்கள் அதைச் செய்கின்றன. பவர்ஷெல்லின் வரியில் என்கோடட் கொமாண்ட் என்று போட்டு நீளமாகக் குழம்பிய எழுத்துகள் இருந்தால் கவனிக்க வேண்டியதுதான். ஆனால் ஒழுங்கான நிர்வாக மென்பொருள்களும் அந்த முறையைப் பாவிப்பதுண்டு. எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயர் டசின் கணக்கில் இருக்கும், அதற்கும் பயப்பட வேண்டாம். உண்மையானது சிஸ்டம்32 கோப்புறையிலிருந்து ஓடும், வரியில் கே என்ற எழுத்தோடு எந்தச் சேவைக் குழு என்று போட்டிருக்கும். அதே பெயர் வேறு கோப்புறையிலிருந்து ஓடினால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

இன்னொரு குறை, ஓடி முடிந்ததன் வரி போய்விடும். ஒரு செக்கனில் வந்து வேலையை முடித்துவிட்டுப் போனதை டாஸ்க் மெனேஜரில் பிடிக்க முடியாது. தொடங்கும் ஒவ்வொரு நிரலின் வரியையும் பதிவேட்டில் எழுதிவைக்க விண்டோஸில் வசதி உண்டு, நிகழ்வு இலக்கம் 4688 என்பார்கள். ஆனால் சாதாரணமாக அது மூடித்தான் இருக்கும். திறந்துவிட்டால் நாம் மேலே சொன்ன மாதிரி வரியில் எழுதிய பாஸ்வேர்டுகள் எல்லாம் அந்தப் பதிவேட்டிலும் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இந்த விளக்கத்தைப் பள்ளிவாசல் வாசலில் சிலரிடம் சொன்னபோது ஒரு தம்பி கேட்டார், "அப்ப சேர், கடையில கொம்பியூட்டர் பாவிக்க வாற ஆக்கள் என்ன செய்றாங்க எண்டும் பார்க்கலாமா?" இன்னொருவர் வீட்டிலுள்ளவர்களின் மடிக்கணினி பற்றிக் கேட்டார். பெயர் வேண்டாம்.

உண்மையைச் சொன்னால், ஓரளவு பார்க்கலாம். குரோமின் வரியில் நீங்கள் நினைப்பதுபோல் எந்தத் தளம் பார்க்கிறார் என்று எழுதியிருக்காது. ஆனால் ஒருவர் தட்டித் திறந்த வேர்ட் கோப்பின் பெயர், அது இருக்கும் இடத்தோடு வரியில் தெரியும். கொமினிகேஷனுக்கு வரும் ஒரு ராத்தா என்ன அச்சிட வருகிறார்? வைத்திய அறிக்கை, பஸஹுக்கான விண்ணப்பம், கடன் கடிதம். கோப்பின் பெயரே கதையைச் சொல்லிவிடும்.

சூரா ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளச் சொல்கிறது. அதே சூராவின் 12ஆம் வசனம் பிறரைத் துருவி ஆராய்வதைத் தடுக்கிறது. இரண்டும் அடுத்தடுத்த பக்கத்தில் இருக்கின்றன, நாம் நமக்கு வசதியானதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். தம்பி மீது பழி வந்தபோது தெளிவுபடுத்தச் சொன்ன வசனம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. கட்டளை வரி பார்க்கும் வழி தெரிந்ததும் துருவாதே என்ற வசனம் மறந்துவிட்டது. உங்கள் சொந்தக் கொம்பியூட்டரையோ, பொறுப்பிலுள்ளவர்கள் கேட்டு அவர்கள் முன்னிலையில் ஒரு பொது இயந்திரத்தையோ பார்ப்பது வேறு. வாடிக்கையாளரின் முதுகுக்குப் பின்னால் பார்ப்பது வேறு. உரிமையில்லாமல் பிறர் கொம்பியூட்டருக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றமும் கூட. போனில் இதைச் செய்யலாம் என்று செயலி தேடுபவர்களுக்கும் ஒரு செய்தி, அண்ட்ரொய்ட் 7 தொடக்கம் ஒரு செயலியால் மற்றச் செயலிகளின் ஓட்டத்தை இப்படிப் பார்க்க முடியாதபடி அடைத்துவிட்டார்கள். முடியும் என்று சொல்லி வரும் செயலி உங்களைத்தான் பார்க்க வந்திருக்கும்.

எங்கள் பக்கக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறோம். உயர்தரத் தகவல் தொழினுட்பப் பாடத்தில் பணிசெயல் முறைமை என்று ஓர் அலகு இருக்கிறது. நிரல் ஒன்று எந்தெந்த நிலைகளில் இருக்கும் என்று பிள்ளைகள் அம்புக்குறி போட்டு அழகாகப் படம் கீறுவார்கள், புள்ளியும் எடுப்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிஜமான நிரலைத் திறந்து "இது யார், எங்கிருந்து வந்தது, என்ன சொல்லி அனுப்பினார்கள்" என்று நாங்கள் காட்டியதில்லை. அந்தத் தம்பியும் எங்களிடம் படித்தவர்தான். தன் மீது வட்டம் போட்ட மூன்று பெயர்களையும் தானே விளக்க அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. அதற்குக் கூச்சப்பட வேண்டியவர்கள் நாங்கள்.

இந்த வாரம் ஆய்வுகூடத்தில் அதைக் காட்டினோம். வகுப்பில் ஒரு மாணவி, "இது பரீட்சைக்கு வருமா சேர்?" என்று கேட்டார். வராது என்றோம். அரைவாசிப் பேர் கொப்பியை மூடிவிட்டார்கள். மற்ற அரைவாசிப் பேர் ஆய்வுகூடத்துக் கொம்பியூட்டர்களில் அதே ஷோர்ட்கட் வைரஸை இரண்டு இடத்தில் கண்டுபிடித்தார்கள். நாங்கள் கண்டுபிடிக்காதது.

சங்கம் பாஸ்வேர்டுகளை மாற்றிவிட்டது. ஆளுக்கொரு கணக்கும் போட்டிருக்கிறார்கள். மென்பொருள் செய்தவர் வரியிலிருந்து பாஸ்வேர்டை எடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார், செய்யும்வரை நாங்கள் கேட்டுக்கொண்டேயிருப்போம். தம்பியைத் திரும்ப வரச் சொல்லிப் பொருளாளர் காக்கா வீட்டுக்கே போனார். இன்னும் போகவில்லை. பெறுபேறு வரட்டும் என்கிறார்.

குரல் பதிவு அனுப்பியவர் தான் முதலில் போட்ட குழுவில் அதை அழித்துவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அதை முன்னனுப்பியவர்களின் பிரதிகள் இன்னும் குறைந்தது இரண்டு குழுக்களில் கிடக்கின்றன. உங்கள் போனில் இருந்தால் இன்றைக்கே அழித்துவிடுங்கள். அனுப்பிய இடத்துக்கு இந்தப் பதிவையும் அனுப்புங்கள்.

புதன்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலை ஆய்வுகூடம் திறந்திருக்கும், அதிபரிடம் அனுமதி எடுத்துவிட்டோம். தங்கள் மடிக்கணினியில் என்ன ஓடுகிறது என்று பார்க்க விரும்புபவர்கள் கொண்டு வரலாம். தாய்மாரும் வரலாம், டீச்சர்மார் இருப்பார்கள். பென்ட்ரைவ் மட்டும் கொண்டு வர வேண்டாம்.